டைட்டனின் ஆரஞ்சுப் புகை

நேயர்களுக்கு வணக்கம்.

1980 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம், சனிக் கோளின் மிகப் பெரிய நிலவான டைட்டனை நெருங்கிப் பறந்தது. அந்தச் சந்திப்புக்காக புளூட்டோ பக்கம் போகும் வாய்ப்பையே விட்டுக்கொடுத்திருந்தார்கள். படங்களில் தெரிந்ததோ ஓர் ஆரஞ்சுப் பந்து. மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. ஆனால் வேதியியல் கற்பிக்கும் எனக்கு, தரையை மறைத்த அந்தப் புகையை விட அழகான காட்சி சூரியக் குடும்பத்தில் இல்லை.

டைட்டனின் காற்றில் சுமார் 95 விழுக்காடு நைட்ரஜன். மீதி பெரும்பாலும் மீத்தேன், நம் சாண எரிவாயுவில் இருக்கும் அதே மீத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் இந்த மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைந்து பிரியும் ஹைட்ரஜன் மிக லேசானது. டைட்டனின் ஈர்ப்போ பலவீனமானது. ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. போனது திரும்பாததால், எஞ்சிய துண்டுகள் மறுபடி மீத்தேனாக வழியின்றி ஒன்றோடொன்று கைகோக்கின்றன. ஈத்தேன், அசிட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, பென்சீன் என்று சங்கிலி நீள்கிறது.

இவ்வளவு பெரிய மூலக்கூறுகள் கீழே, அடர்ந்த காற்றில்தான் உருவாகும் என்று எண்ணியிருந்தார்கள். 2004இல் சனியை அடைந்த காசினி விண்கலம் டைட்டனின் மேல் வளிமண்டலத்துக்குள் புகுந்து புகுந்து வெளிவந்தது. எலெக்ட்ரான்களை அளக்கச் செய்த ஒரு கருவி, யாரும் எதிர்பாராத எதிர்மின் அயனிகளை, அதாவது எதிர் மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளைப் பிடித்தது. பென்சீனின் மூலக்கூறு நிறை 78. அந்த அயனிகளில் சிலவற்றின் நிறை 10,000 வரை போனது! ஏறத்தாழ வெற்றிடம் என்று சொல்லத்தக்க உயரத்தில் இத்தனை பெரிய கட்டுமானம் நடப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அவை திரண்டு புகைத்துகளாகி, மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையில் படிகின்றன. இப்படிப்பட்ட பழுப்புப் பிசினை ஆய்வகத்தில் செய்து பார்த்த கார்ல் சேகனும், இந்தியாவில் பிறந்த பிஷுன் கரேயும் 1979இல் அதற்குத் 'தோலின்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பிசினோடு நீர் சேர்ந்து வினைபுரிந்தால் அமினோ அமிலங்கள் கிடைக்கின்றன. புரதங்களின் செங்கற்கள் அவை.

டைட்டனின் தரையில் வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். அங்கே நீர் என்பது பாறைபோல் இறுகிய பனிக்கட்டி. பிறகு பிசினும் நீரும் எங்கே சந்திக்கும்? விண்கல் மோதிய இடத்தில் சந்திக்கலாம். மோதலின் வெப்பத்தில் பனி உருகி, மறுபடி உறையும் வரை நீர் நீராகவே இருந்திருக்கும். செல்க் என்பது அப்படி ஏற்பட்ட ஒரு பெரும் பள்ளம். 2028இல் புறப்படவிருக்கும் டிராகன்ஃபிளை என்ற எட்டுச் சுழலிகள் கொண்ட பறக்கும் ஆய்வகம், 2034இல் டைட்டனில் இறங்கி அந்தப் பள்ளத்தை நோக்கித் தாவித் தாவிச் செல்லும். அங்கே உறைந்து கிடக்கும் பனியைத் துளையிட்டு, பிசினும் நீரும் சேர்ந்து எதுவரை போயின என்று பார்க்கும்.

நன்றி, வணக்கம்.