சுழலி நிற்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். ஹெலிகாப்டர் தளங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், பயணத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். ஹெலிகாப்டர் தரையைத் தொட்டதுமே பயணம் முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். தளத்தில் நிற்பவர்களுக்கோ கவலை அப்போதுதான் தொடங்குகிறது.

இறங்கிய பிறகும் விமானி ஏன் இயந்திரத்தை உடனே அணைப்பதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. டர்பைன் இயந்திரம் கடும் சூட்டில் இருக்கும் என்பதால், அதைச் சுமார் இரண்டு நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஆறவைத்த பின்பே அணைப்பது பல ஹெலிகாப்டர்களில் வழக்கம். அணைத்த பின்னும் சுழலி, அதாவது ஹெலிகாப்டரின் சுற்றும் இறக்கைகள், சிறிது நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பொறுமையிழந்த கை கதவைத் திறப்பது இந்த இடைவெளியில்தான்.

வேகம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மேல் சுழலியின் இறக்கைகள் நீண்டவை, வளையக்கூடியவை. சுழலும் வேகம்தான் அவற்றை வெளிப்புறமாக இழுத்து விறைப்பாக வைத்திருக்கிறது. அந்த வேகம் தளர்ந்ததும் நுனிகள் தொய்கின்றன. அந்த நேரம் பார்த்துப் பலமான காற்று வீசினால், சில வகைகளில் நுனி நெஞ்சுயரத்துக்குக்கூட இறங்கிவிடும். குனிந்து நடப்பது நல்லதுதான் என்றாலும், சுழலி வேகமிழக்கும் நேரத்தில் உள்ளேயே உட்கார்ந்திருப்பது அதைவிட நல்லது.

வால் சுழலியின் சங்கதி வேறு. சிறிய ஹெலிகாப்டர்களில் மேல் சுழலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 முறை சுற்றினால், வால் சுழலி 2,000 முறைக்கு மேல் சுற்றும். முழு வேகத்தில் ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் பார்வைக்கு மறைந்துபோவதைப் போல இதுவும் மறைந்துவிடுகிறது, அதுவும் பல வகைகளில் ஆள் உயரத்திலேயே. 2022 ஜூலையில் ஏதென்ஸ் நகருக்கு அருகே, ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய பயணி ஒருவர் வால் சுழலியில் அடிபட்டு உயிரிழந்தார். வால் சுழலியை வளையத்துக்குள் அடைத்த வகைகளும் உண்டு. ஆயினும் பயணி வகை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எந்த வாலாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகலாகாது. விமானியின் கண்ணுக்குப் படும்படி முன்புறமாகவோ பக்கவாட்டிலோதான் விலகிச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்களே தவறுவது தொப்பியால்தான். தொப்பியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஒரு பயணி, புறப்படுமுன் சொன்ன விதிகளை எல்லாம் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். இறங்கியதும் அழகாகக் குனிந்து முன்புறமாகவே நடந்தார். அந்த நேரம் காற்றின் வேகத்தில் அவருடைய தொப்பி பறந்தது. மனிதர் சட்டென்று திரும்பி வால் பக்கம் ஓடத் தலைப்பட்டார். பக்கத்தில் இருந்த பணியாளர் சட்டையின் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! பிடித்த பிறகும், "விடுங்கள், தொப்பி போகிறது" என்று திமிறிக்கொண்டிருந்தார். தொப்பியோ வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. சுழலி நின்றபின் நிதானமாக எடுத்துக் கொடுத்தோம். பொருள் பறக்கும்போது மூளையை முந்திக்கொண்டு கால் ஓடிவிடுகிறது. ஆகையால் தொப்பி, துப்பட்டா, கையிலுள்ள தாள் எல்லாவற்றையும் தரையிறங்குமுன்பே பைக்குள் வைத்துவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கழற்றிக் கையில் பிடிப்பது போதாது, பைக்குள் வையுங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். சரிவான இடத்தில் இறங்கினால் மேட்டுப் பக்கம் ஏறாதீர்கள், அங்கே இறக்கைக்கும் தலைக்கும் இடைவெளி குறைவு. பள்ளப் பக்கமாகவே விலகுங்கள். நீளமான பொருளைத் தோளில் சாய்க்காமல் இடுப்புக்குக் கீழே படுக்கைவாட்டில் பிடியுங்கள். குழந்தையைக் கையை விடாமல் அழைத்துச் செல்லுங்கள். பின்புறக் கதவு உள்ள பெரிய ஹெலிகாப்டர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அவற்றில் பணியாளர் காட்டும் பாதையை விட்டு விலகாமல் வாருங்கள். நன்றி, வணக்கம்.