காதலுக்குக் குறுக்கே நிற்பது எது?

(குன்னூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, சரித்திரக் காதல் கதைப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். எதை வைத்து மதிப்பெண் போட்டேன் என்று சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எல்லோரும் முதலில் தேடுவது காலப்பிழையை. ஒரு கதையில், 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வரும்போது நாயகி யூகலிப்டஸ் வாசத்தில் மயங்கி நிற்கிறாள். அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்து சேர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். சிரித்தேன், ஆனால் கதையைத் தள்ளவில்லை. சோலை மரம் ஒன்றை அங்கே நட்டுவிட்டால் பிழை தீர்ந்தது.

நான் பார்ப்பது வேறு. காதலுக்குக் குறுக்கே நிற்கும் தடை அந்தக் காலத்துத் தடைதானா?

குறிஞ்சித் திணைப் பாட்டுகளைப் பாருங்கள். அவள் தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறாள், அவன் வந்து சந்திக்கிறான். தினை கொய்தாகிவிட்டால் காவலும் முடிந்தது, வீட்டோடு இருத்திவிடுவார்கள். அப்புறம் இரவில்தான் வரவேண்டும். இரவிலோ நாய் குரைக்கும், ஊர்க்காவலர் சுற்றுவார்கள், நிலவு காட்டிக்கொடுக்கும். வில்லன் என்று தனியாக யாரும் தேவைப்படவில்லை.

போட்டிக்கு வந்த கதைகளில் பாதிக்கு, ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் சந்தேகம்தான் தடை. அதைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கே நடத்தலாமே, ஜமீனும் குதிரையும் எதற்கு?

நம் மலை ரயில் 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்தது. ஊட்டிக்குப் போனது 1908-இல். நடுவே ஒன்பது வருஷம் பயணிகள் இங்கேயே இறங்க வேண்டியதுதான். 1903-இல் நடக்கும் ஒரு கதையில் நாயகி ஊட்டி ஸ்டேஷனில் காத்திருக்கிறாள். பிழை என்று சிவப்பு மையில் கோடு போடலாம்தான். எனக்கோ, எழுதியவர் ஒரு நல்ல காட்சியைக் கோட்டைவிட்டாரே என்றுதான் வருத்தம். அவன் குன்னூரில் இறங்குகிறான். இருட்டப்போகிறது, மழை வேறு. ஊட்டிக்கு இன்னும் 18, 19 கிலோமீட்டர் மேட்டுப்பாதை. வண்டிக்காரன் வரமாட்டேன் என்கிறான். விடிந்தால் அவளுக்கு நிச்சயதார்த்தம். தடை தானாக வந்து நிற்கிறது, பாருங்கள்!

பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். 1905-இல் ஒரு தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை, "தேவி, தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்கிறான். சோழ இளவரசன் வேஷம் கலைக்காமலே தோட்ட வேலைக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது.

சிறுகதை எழுதியவர்களில் சிலர் முதல் பக்கம் முழுக்கச் சல்லிவன் வரலாறு எழுதியிருந்தார்கள். நாவல் அதைத் தாங்கும். இங்கே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படித்தேன், ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வை போர்த்திய தோடர் பழங்குடிப் பெண், துரையைப் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுகிறாள். அவளுடைய மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, எங்கே, எருமைகள் எங்கே, உறவுக்காரர்கள் என்ன சொன்னார்கள்? அவன் பின்னால் போனால் அவள் எதையெல்லாம் இழப்பாள்? ஒரு வரிகூட இல்லை. போர்வையைப் பார்த்த அளவுக்கு அவளை யாரும் பார்க்கவில்லை.

சரி, சுப முடிவு. சேர்த்துவைக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கதை முழுக்க முறைத்துக்கொண்டிருந்த பெரியப்பா கடைசிப் பத்தியில் காரணமே இல்லாமல் கண்கலங்கி ஆசீர்வாதம் செய்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். அவருக்குக் கடன் முற்றிவிட்டதா, நிலம் கைமாறிவிட்டதா, பையன் அவர் கையை எதிர்பார்க்காமல் தனிச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டானா? அதை எழுதுங்கள், கல்யாணத்தை அரை வரியில் முடித்தாலும் நான் ஒப்புக்கொள்கிறேன்.