காமா பயில்வானும் அவரை வளர்த்த சமஸ்தானங்களும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உலகம் காமா பயில்வான் என்று அறிந்த குலாம் முகம்மது பக்ஷ் பட் அவர்களின் வாழ்க்கையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோதாவில் நின்று, சமநிலையில் முடிந்த சில போட்டிகளைத் தவிர மற்றவற்றிலெல்லாம் வென்றவராகவே நினைக்கப்படுகிற மல்லர் அவர். அவரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவர் தூக்கிய கல்லும் குடித்த பாலும் முன்னே வந்து நின்றுவிடுகின்றன. எனக்கோ அவற்றைவிட, அப்படியொரு உடலையும் திறமையையும் உருவாக்கிக் காத்துவந்த ஏற்பாடுதான் கவனிக்க வேண்டியதாகத் தோன்றுகிறது. பரம்பரை பரம்பரையாக மல்லர்களாக இருந்த ஒரு குடும்பம், அவர்கள் பயிற்சி செய்த அகாடா என்னும் மல்யுத்தக் களம், அவர்களுக்குச் சோறு போட்ட சமஸ்தானம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு அது. காமா எழுந்ததும் அதனால்தான். முதுமையில் அவர் தளர்ந்ததற்கும் அது இல்லாமற்போனதே பெரிய காரணம்.

1878ஆம் ஆண்டு பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் மல்லர் குடும்பத்தில் காமா பிறந்தார். தந்தை முகம்மது அஜீஸ் பக்ஷும் பெயர் பெற்ற மல்லரே. காமாவுக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை இறந்துவிட, தாய்வழிப் பாட்டனார் நூன் பயில்வான் அவரை எடுத்து வளர்த்தார். பாட்டனாரும் மறைந்த பின் தாய்மாமன் ஈதா பயில்வான் பயிற்சியைத் தொடர்ந்தார். பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஜோத்பூர் மகாராஜா நடத்திய ஒரு பெரும் போட்டியில் காமா கலந்துகொண்டார். நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கூடி, யார் நெடுநேரம் பஸ்கி எடுக்கிறார் என்று பார்த்த போட்டி அது. கடைசிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேரில் அந்தச் சிறுவனும் இருந்ததைக் கண்ட மகாராஜா, வயதைக் கருதி அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். அதன் பின் ததியா சமஸ்தானத்து அரசர் காமாவைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆதரவு எவ்வளவு பெரியது என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு மல்லரின் அன்றாடத்தை நேயர்கள் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கியும் மூவாயிரம் தண்டாலும் எடுத்தார் என்றும், அகாடாவில் நாற்பது பேரோடு மாறி மாறிப் பிடி போட்டார் என்றும் காமாவைப் பற்றிச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்வோம். அதில் பாதியைச் செய்பவனுக்குக்கூட வேறு எந்த வேலையும் செய்ய நேரமோ வலுவோ மிஞ்சாது. கொத்திச் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பதப்படுத்திய அகாடா மண்ணைப் பேண ஆட்கள் வேண்டும். பாலும் நெய்யும் பாதாமும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். எதிர்நின்று பயிற்சி கொடுக்கும் மல்லர்களுக்கும் உணவு வேண்டும். இவ்வளவுக்கும் செலவிட்டவர்கள் ததியா, பாட்டியாலா போன்ற சமஸ்தானங்களின் அரசர்கள். தங்கள் மல்லன் பக்கத்து அரசரின் மல்லனை வீழ்த்துவதை அவர்கள் தங்கள் பெருமையாகவே கருதினார்கள்.

பதினேழு வயதில் காமா, அன்றைய முதன்மை மல்லரான ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைக் கோதாவுக்கு அழைத்தார். ரஹீம் ஏறத்தாழ ஏழடி உயரம். காமாவோ ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டாதவர். நடுத்தர வயதை எட்டியிருந்த ரஹீமை அந்த இளைஞரால் வீழ்த்த முடியவில்லை. ரஹீமாலும் அவரை வீழ்த்த முடியவில்லை. மணிக்கணக்கில் நீண்ட அந்தப் போட்டி முடிவின்றி நின்றபோதே காமாவின் பெயர் நாடு முழுவதும் பரவிவிட்டது. பரோடா அருங்காட்சியகத்தில், 1902ஆம் ஆண்டு டிசம்பரில் காமா தூக்கியதாகப் பொறிப்புள்ள 1200 கிலோ எடையுள்ள கல் ஒன்று இருக்கிறது. அதைக் காண்போர் வியப்பது இயல்புதான். ஆனால் தம்மைவிட ஓரடிக்கும் மேல் உயர்ந்த, அனுபவத்தில் மிகுந்த ஒருவரிடம் முதுகு மண்ணில் படாமல் நின்றதையே அவருடைய திறமைக்கு நான் அளவாகக் கொள்வேன்.

1910ஆம் ஆண்டு, வங்காளத்துச் செல்வர் சரத் குமார் மித்ராவின் பண உதவியோடு, காமாவும் அவருடைய தம்பி இமாம் பக்ஷும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இந்தியர்கள் உடல் வலுவற்றவர்கள் என்று ஆட்சியாளர்கள் பேசிவந்த பேச்சுக்கு ஒரு வங்காளியின் பணமும் இரு பஞ்சாபியரின் தோள்களும் சேர்ந்து பதில் சொல்லப் போயின. லண்டனிலோ, உயரம் போதாது என்று காமாவைப் போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எந்த எடையினராயினும் மூன்று மல்லர்களை முப்பது நிமிடங்களில் வீழ்த்திக் காட்டுகிறேன் என்று அவர் வெளிப்படையாக அறைகூவல் விடுத்தார். முதலில் அதை ஏமாற்று வேலை என்றே பலரும் எண்ணினார்கள். பின்னர் முன்வந்தவர், மருத்துவரும் மல்லருமான அமெரிக்கர் பெஞ்சமின் ரோலர். முதல் சுற்றில் 1 நிமிடம் 40 விநாடியிலும் இரண்டாம் சுற்றில் 9 நிமிடம் 10 விநாடியிலும் காமா அவரை மல்லாத்தினார்.

அதன் பிறகுதான் போலந்து நாட்டு மல்லர் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் மோதும் வாய்ப்புக் கிடைத்தது. 1910 செப்டம்பர் 10ஆம் நாள் நடந்த அந்தப் போட்டிக்கு 250 பவுன் பரிசும், ஜான் புல் என்ற உலக மல்யுத்தப் பட்டம் பொறித்த இடைக்கச்சையும் வைக்கப்பட்டிருந்தன. ஸ்பிஸ்கோ காமாவைவிட எடையில் பெரிதும் மிகுந்தவர். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவரைக் காமா கீழே தள்ளினார். அதன் பிறகு ஸ்பிஸ்கோ எழுந்து நிற்கவே மறுத்தார். விரிப்பைப் பற்றிக்கொண்டு குப்புறக் கிடந்த அந்தப் பேருடலைப் புரட்டிப்போடக் காமா ஏறத்தாழ மூன்று மணி நேரம் முயன்றார். தோள்கள் தரையில் படாத வரை தோல்வி இல்லை என்ற விதி ஸ்பிஸ்கோவைக் காப்பாற்றியது. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டு, செப்டம்பர் 17ஆம் நாள் மீண்டும் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கே வழங்கப்பட்டது.

தாயகம் திரும்பிய காமாவுக்கு மீதமிருந்த கணக்கு ரஹீம் பக்ஷுடன் இருந்தது. அலகாபாத்தில் நடந்த நெடிய போட்டியில் அவரை வென்று, இந்தியாவின் தலைசிறந்த மல்லர் என்று பொருள்படும் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டத்தைக் காமா பெற்றார். தாம் சந்தித்தவர்களில் வலியவர் யார் என்று பிற்காலத்தில் கேட்டபோது, ஐரோப்பியர் எவரையும் சொல்லாமல் ரஹீம் பக்ஷின் பெயரையே அவர் சொன்னார். தோற்றவரின் பெருமையைக் குறைக்காத அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்பிஸ்கோ மீண்டும் காமாவுக்கு எதிரே நின்றது 1928 ஜனவரியில், பாட்டியாலாவில். மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாடு செய்த அந்தப் போட்டியைக் காணப் பல்லாயிரவர் திரண்டிருந்தார்கள். முழுதாக ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 42 விநாடி என்பது பெரும்பாலோர் சொல்லும் கணக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்பிஸ்கோ அமெரிக்காவில் உலகப் பட்டத்தை இருமுறை வென்றிருந்தார் என்பதையும், இருவருக்குமே அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற மல்லரையும் காமா ஓரிரு நிமிடங்களிலேயே வீழ்த்தினார். அதற்குப் பின் அவரை எதிர்த்து நிற்க முன்வந்தவர்கள் மிகக் குறைவு என்றே சொல்லப்படுகிறது.

1947இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் இருந்தார். மோகினி சாலைப் பகுதியில் தம் அண்டை வீடுகளில் வாழ்ந்த இந்துக்களைத் தாக்க வந்த கும்பலைத் தம் ஆட்களோடு முன்னே நின்று தடுத்தார் என்றும், நிலைமை கைமீறியபோது அவர்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து எல்லைவரை பத்திரமாக அனுப்பிவைத்தார் என்றும் கூறப்படுகிறது. வாழ்நாள் முழுவதும் சேர்த்த வலிமையை ஒருவர் இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவிட்டிருக்க முடியாது.

பிரிவினையோடு அவரைத் தாங்கிநின்ற உலகமும் மறைந்தது. பாட்டியாலா எல்லைக்கு அப்பால் போயிற்று. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு இணைந்து, அரசர்களின் அகாடாக்களும் நலிந்தன. ஆண் பிள்ளைகளை இளமையிலேயே பறிகொடுத்திருந்த காமா, கடைசி ஆண்டுகளில் நோயோடும் பண முடையோடும் போராடினார். அவருடைய நிலையைக் கேள்விப்பட்டு, குஸ்தியில் பற்றுக் கொண்டிருந்த இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா எல்லை கடந்து பணம் அனுப்பி உதவினார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் காமா காலமானார். அவர் பஸ்கி எடுக்கும்போது பயன்படுத்திய 95 கிலோ எடையுள்ள வளையம் பாட்டியாலா விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

தம்பி இமாம் பக்ஷின் மக்களான போலு சகோதரர்கள் பாகிஸ்தானில் குடும்பப் பெயரைக் காத்தார்கள். எனினும் அரசர்கள் இல்லாத காலத்தில், நுழைவுச்சீட்டு விற்கும் விளையாட்டரங்குகளையும் தொழில்முறைப் போட்டிகளையும் நம்பியே அவர்கள் வாழ வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவரான அக்ரம், 1976இல் கராச்சியில் ஜப்பானியர் அந்தோனியோ இனோகியிடம் தோற்றார். 1979இல் அதே இனோகியை லாகூரில் எதிர்கொண்டு தோற்காமல் நின்றவர், அக்ரமின் அண்ணன் மகனான ஜாரா. அவரும் 1991இல், முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே இறந்துபோனார். அவருக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து அந்த அளவுக்குப் பெயர் பெற்ற மல்லர் எவரும் தோன்றவில்லை.

வணக்கம்.