ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா ஆசிரியர்

நண்பர்களே, ஜி. சுப்பிரமணிய ஐயர் என்றதும் 'தி இந்து' கதைதான் வரப்போகிறது என்று நினைப்பீர்கள். சரி, அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 1878-ல் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானபோது, ஓர் இந்தியருக்கு அந்த நாற்காலியா என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதித்தன. பதில் சொல்ல நம்மிடம் ஒரு தாள் இல்லையே என்று இரண்டு வாத்தியார்களும் நாலு சட்ட மாணவர்களும் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 'தி இந்து'வை 80 பிரதி அச்சடித்தார்கள். அந்த வாத்தியார்களில் ஒருவரான, திருவையாற்றுக்காரர் சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது 1898-ல் அவர் அந்தப் பத்திரிகையை விட்டு வெளியே வந்தது. கூட்டாளி வீரராகவாச்சாரியாருடன் ஒத்துப்போகவில்லை. பணக் கஷ்டம் ஒரு பக்கம், விதவை மறுமணம், பால்ய விவாகம் பற்றியெல்லாம் இவர் விடாமல் எழுதிய காரம் இன்னொரு பக்கம். எழுதியதோடு நின்றாரா என்றால், இல்லை. சிறு வயதிலேயே விதவையான தன் மகளுக்கு 1889-ல், காங்கிரஸ் மாநாடு நடந்த பம்பாயிலேயே, மறுமணம் செய்து வைத்தார். சாதிக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். மேடையில் சீர்திருத்தம் பேசிவிட்டு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்த தலைவர்கள் நிறையப் பேர் இருந்த காலம் அது, இப்போதும் குறைந்துவிடவில்லை!

வெளியே வந்தவர் என்ன செய்தார்? 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்த 'சுதேசமித்திரன்' கையில் இருந்தது. 1899-ல் அதை நாளிதழாக்கினார். ஆங்கிலம் படித்த கொஞ்சப் பேர் தங்களுக்குள் அரசியல் பேசிக்கொண்டிருந்த நாளில், வரியும் பஞ்சமும் யாரை அடிக்கிறதோ அவனுக்கு அவன் மொழியிலேயே செய்தி போய்ச் சேர வேண்டும் என்று தினமும் ஒரு தமிழ்த் தாளைக் கொண்டுவருவது, வியாபாரக் கணக்கில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றி 1903-ல் ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர் அவர், கணக்குத் தெரியாதவர் இல்லை.

அப்புறம், 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை உதவி ஆசிரியராக அழைத்து வந்தார். ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் அன்றன்றைக்கே தமிழாக்கித் தர வேண்டும், அதுதான் வேலை. அந்த இளைஞர் பாரதி.

1908-ல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் ஐயர் கைதானார். ஏற்கெனவே நோயாளி. 1915-ல் பத்திரிகையை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார், மறு வருடம் ஏப்ரலில் காலமானார். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதிக்கு 1920-ல் மறுபடி வேலை கிடைத்ததும் அதே சுதேசமித்திரனில்தான்.