முதலில் காலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டைப் பக்கம் பல வருடமாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு புரூஸ் லீ என்றால் உயிர். போன மாதம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, அவரைப் பற்றி பாவோ நுயென் இயக்கி 2020-இல் வெளிவந்த ‘பீ வாட்டர்’ ஆவணப்படத்தைப் பார்த்தோம்.

பையன்கள் புரூஸ் லீயின் கையைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். வலது கால் முன்னே, பின்னங்காலின் குதிகால் தரையில் பதியாமல் லேசாகத் தூக்கியே நிற்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நொடியில் பாய்ந்துவிடலாம். எங்கள் அண்ணாவி, அதாவது எங்கள் சிலம்ப ஆசான், ஆறு மாதம் கம்பையே தொடவிடவில்லை. தாமிரபரணி மணலில் காலடி மட்டும்தான். “கம்பு தானா வரும், காலு தானா வராதுலே” என்பார். புரூஸ் லீக்கு அந்தக் கால், ஹாங்காங்கில் இப் மேன் என்கிற ஆசானிடம் படித்த விங் சுன் என்கிற சீனச் சண்டைக்கலையில் இருந்து மட்டும் வரவில்லை என்று நினைக்கிறேன். 1958-இல் அங்கே சா-சா நடனப் போட்டியில் ஜெயித்தவர் அவர்.

அமெரிக்காவில் 1966-இல் ‘கிரீன் ஹார்னெட்’ தொடரில் காட்டோ என்கிற உதவியாளர் வேடம் கிடைத்தது. வசனம் கொஞ்சம்தான். இவ்வளவு திறமைக்காரரை, ஆசிய முகம் என்பதற்காகக் கதாநாயகன் ஆக்கத் தயங்கினார்களே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அப்புறம் 1970. உடம்பைச் சூடேற்றாமல் பளுவைத் தோளில் வைத்துக் குனிந்ததில் முதுகு அடிபட்டது. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுக்கை. படுத்த இடத்திலேயே தன் கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். மறு வருடமே ‘தி பிக் பாஸ்’ திரைப்படம் வந்தது. அதில் அவர் உதைத்ததை உலகமே பார்த்தது. பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றச் சொன்னால் முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

1973 ஜூலை 20-இல் இறந்தார். ‘என்டர் தி டிராகன்’ அமெரிக்காவில் வெளியானது அடுத்த மாதம். “முப்பத்திரண்டு வயசுதானா மாஸ்டர்?” என்று ஒரு பையன் கேட்டான். வேறு யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அவன் கம்பை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் வலது காலை முன்னே வைத்து, பின்னங்குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்குலே” என்றேன்.