வண்டின் வயிற்றில் எத்தனை கத்தி?

(ஒட்டுசுட்டானில் கமக்காரர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். முன்வரிசை அம்மா ஒருவர் ஒரு போத்தல் கௌபியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். எனக்கு வேலை மிச்சம். உள்ளே இரண்டு வண்டு ஓடுகிறது. கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் விதையைப் பாருங்கள். கடுகிலும் சிறிய வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அது முட்டைக் கோது. அதிலிருந்து வரும் புழுவான குடம்பி வெளியே தலைகாட்டாமலே, முட்டையின் அடியால் விதைத்தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். துளைத்த மாவைக் கோதுக்குள் தள்ளிவிடுவதால்தான் இந்த வெள்ளை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டு வெளியே வரும். வந்த வண்டு விதையைத் தின்பதில்லை, முட்டை மட்டும் இடும். தின்றதெல்லாம் குடம்பி. ஆகவே வழக்கை அதன் குடலில்தான் விசாரிக்க வேண்டும்.

கௌபி ஒன்றும் சும்மா கிடந்து தின்னக் கொடுப்பதில்லை. செரிமான நொதியத்தைக் கத்தி என்று வைத்துக்கொண்டால், அதை மூடிவிடும் உறை ஒன்று விதையிலேயே உண்டு. அந்த உறை திரிப்சின் என்ற கத்திக்கு அளவெடுத்தது. நம் குடலிலும் திரிப்சின்தான். பச்சைக் கௌபி தின்றால் வயிறு சண்டை பிடிக்க இதுவும் ஒரு காரணம். அவித்தால் உறை கெட்டுவிடும். வண்டு அடுப்பு மூட்டுவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அதன் குடல் புளிப்பானது, அங்கே பெரிதும் வெட்டுவது கதெப்சின் வகைக் கத்தி. கௌபியின் உறை அதற்குப் பொருந்தாது.

சரி, பொருந்துகிற உறையைக் கொடுத்தால்? சோயாவில் அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதைக் கௌபி மாவில் கலந்து, செயற்கை விதை செய்து கொடுத்தார்கள். குடம்பியின் வளர்ச்சி படுத்துவிட்டது. அப்புறம் அதே குடம்பி மறுபடி தின்னத் தொடங்கியது! 2003இல் வந்த ஆய்வில் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு மரபணு, குடலிடமோ பல மரபணுக்கள். இந்த உறைக்கு அடங்காத நொதியங்களின் மரபணுக்களை அது முடுக்கிவிட்டது. சில நொதியங்கள் உறையையே வெட்டிச் செரித்துவிட்டன. தலைமுறைகள் கடந்து வந்த மாற்றமல்ல இது. ஒரே குடம்பி, ஒரே விதைக்குள். ஒரு உறையை நம்பி விதை இனம் உருவாக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அதைப் படித்த அன்றோடு போய்விட்டது.

போஞ்சி விதையிலும் ஒரு உறை உண்டு, மாப்பொருளைச் செரிக்கும் அமிலேசுக்கானது. கௌபி வண்டை அது முடக்கும். போஞ்சியிலேயே பழகிய மெக்சிக்க வண்டு அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பின்னால் ஒரு ஐயா கேட்கிறார்: "அப்ப சாம்பல் போட்டு வைக்கிறது?" ஐயா, சாம்பல் குடலோடு பேசுவதில்லை. விதைகளின் இடைவெளியை அடைத்து வண்டை நடமாட விடாது. மேல் மெழுகை உரசி உடம்பை வற்றவைக்கும். கத்தி எத்தனை இருந்தும் அங்கே உதவாது. ஆனால் வயலிலேயே முட்டை ஒட்டிய விதைக்குள் இருக்கும் குடம்பிக்குச் சாம்பல் எட்டாது. அதனால் முதலில் நல்ல வெயிலில் காய வையுங்கள்.

அம்மா, உங்கள் போத்தலை நான் திறக்கவே இல்லை. இப்போது ஐந்து வண்டு ஓடுகிறது.