குடும்ப நல கோர்ட்ல வக்கீல் வைக்க உங்களுக்கு உரிமையே இல்லையா? அப்போ வக்கீலுங்க எங்களுக்கு என்ன வேலை?

வணக்கம் மக்களே! குடும்ப நல கோர்ட்டுக்குப் போனா வக்கீல் வச்சுக்கிறது உங்க உரிமை கிடையாது. நிஜமாத்தான் சொல்றேன், 1984-ல வந்த குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டத்தோட 13-வது பிரிவை எடுத்துப் பாருங்க. புருஷன் பொண்டாட்டி பிரச்சினையை முடிஞ்சவரைக்கும் பேசித் தீர்க்கணும், அதுக்குத்தான் இந்த கோர்ட்டே. அதனால நாங்க அனுமதி மனு போட்டு, கோர்ட் சரின்னு சொன்ன பிறகுதான் ஆஜராகுறோம்.

விவாகரத்து பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க, ஒரே வரியில முடிச்சிடறேன்: ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுற மனுவுல இருக்குற அந்த 6 மாச காத்திருப்பை, பொருத்தமான கேஸ்ல தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இப்போ எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், ஜீவனாம்ச கேஸ்ல போடுற சொத்துக் கணக்கு அஃபிடவிட், அதாவது உண்மைன்னு சத்தியம் பண்ணி கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்குற வாக்குமூலம். 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் - நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை நாடு முழுக்க கட்டாயமாக்குச்சு, ரெண்டு பேருமே தாக்கல் பண்ணணும். சம்பளம் மட்டும்னு நினைக்காதீங்க, வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மருந்து, லோன், நகை எல்லாம் வரணும், எதிர்த்தரப்போட வருமானம் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதையும் எழுதணும். ஒரு அம்மா மஞ்சப்பையில பால் பாக்கிச் சீட்டு, வேன் ஃபீஸ் ரசீதுன்னு எல்லாத்தையும் அள்ளிட்டு வருவாங்க, அதை மேஜையில கொட்டி மாசவாரியா அடுக்கிட்டே வந்தா, யார் அந்த வீட்டைத் தாங்கிட்டு இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், வாதமே தேவைப்படாது. அஃபிடவிட்ல பொய் எழுதுனா தனியா நடவடிக்கையும் வரும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்தே கணக்குன்னும் அதே தீர்ப்புல இருக்கு, அதனால சும்மா வாய்தா வாங்கி இழுக்குறதுல பெரிய லாபம் இல்ல. எவ்ளோ அழகான தீர்ப்பு பாருங்க!

சரி, வளர்ந்துட்டு இருக்குற லா ஃபர்ம்ல இந்த வேலை எப்படி இருக்கும்? கம்பெனி கேஸ் பாக்குற டீம், சொத்து கேஸ் பாக்குற டீம்னு ஆள் கூடக் கூட ஃபைல் கை மாறும். பத்திரம் பாக்குற வேலையில அது பரவாயில்ல. ஆனா அடி வாங்குன கதையை போன மாசம் ஒரு ஜூனியர்கிட்ட அழுதுட்டே சொன்ன பொண்ணு, இந்த மாசம் புதுசா வந்த இன்னொருத்தர்கிட்ட முதல்ல இருந்து சொல்லணும்னா அது கொடுமைங்க. ஃபர்ம் எவ்ளோ பெருசானாலும் சரி, குடும்ப கேஸ்ல முதல் நாள் உக்காந்து கேட்டவங்கதான் கடைசி வாய்தா வரைக்கும் கூட நிக்கணும், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

நீங்க வக்கீல் பாக்கப் போறீங்கன்னா, ஃபீஸ் கேக்குறதுக்கு முன்னாடி "என் கேஸை கடைசி வரைக்கும் யார் பாப்பாங்க?"ன்னு கேளுங்க. லா படிக்கிற தம்பி தங்கச்சிங்களா, இந்த அஃபிடவிட் எப்படி நிரப்புறதுன்னு அடுத்த வீடியோ வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, பக்கம் பக்கமா உக்காந்து பாத்துடலாம்.